கண்மாய் உடைந்த வருஷம்

நாச்சியார் டீச்சருக்கு அப்போது முப்பது வயது இருக்கலாம். முப்பத்தொன்றும் இருக்கலாம். இப்படிச் சொன்னால், பெண்பிள்ளை வயதை மறைக்கிற கதைதானே என்று சிரிப்பீர்கள். அதெல்லாம் இல்லை. அவள் மறைக்கவில்லை, அவளுக்கே தெரியாது, அவ்வளவுதான்.

சர்ட்டிபிகேட்டில் ஒரு பிறந்த தேதி இருக்கத்தான் செய்தது. அது பிறந்த விதத்தைச் சொன்னால் அதன் யோக்கியதை தெரிந்துவிடும். குன்றக்குடி போகிற வழியில் இருந்த அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஜூன் மாதம் தலைமையாசிரியர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்தது. தொடாத பிள்ளை அடுத்த வருஷம் வரலாம். நாச்சியார் அலட்டிக்கொள்ளாமல் தொட்டாள். அவளுக்கு அடுத்து நின்ற அத்தை மகன் பெரியகருப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டு, கழுத்தைச் சாய்த்து, எப்படியோ தொட்டுவிட்டான். தலைமையாசிரியர் இருவருக்கும், அன்று காதைத் தொட்ட மற்ற பிள்ளைகள் எல்லாருக்கும், ஒரே தேதியை எழுதிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

அந்த வீட்டில் ஜாதகம் எழுதுகிற வழக்கமும் கிடையாது. நல்லது கெட்டது எதுவானாலும் சாமியிடம் கேட்டுக்கொள்வார்கள். எனவே நாச்சியார் எப்போது பிறந்தாள் என்பது நாலைந்து பேருடைய ஞாபகத்தில்தான் இருந்தது. ஞாபகத்தின் லட்சணம் நமக்குத் தெரியாததா?

அவள் நன்றாகப் படித்தாள். காரைக்குடியில் கல்லூரிக்குப் போய்ப் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தபோது, அறுபத்தாறில், அப்பா இறந்துபோனார். தம்பியைப் படிக்கவைக்கிற பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. டீச்சர் பயிற்சி முடித்துச் செக்காலைப் பக்கம் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியையாகச் சேர்ந்தாள். தினமும் காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்பினாள். வகுப்பில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதை அளந்தாலும், அந்த அளவில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். எழுதாதவளுக்கு அரை மார்க் போச்சு. பிள்ளைகள் அவளுக்கு 'ஏறத்தாழ டீச்சர்' என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும். உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

பெரியகருப்பன் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, செக்காலையில் பம்புசெட் ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஊரெல்லாம் கிணற்றில் மோட்டார் இறக்கிய காலம். கடையில் எந்நேரமும் நாலு மோட்டார் வயிற்றைத் திறந்து கிடக்கும். நல்ல வரும்படி. பெண் கொடுக்க வந்தவர்களை எல்லாம், இப்போது வேலை நெருக்கடி, அடுத்த தையில் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். வருஷா வருஷம் தை வரத்தான் செய்தது. காரணம் மோட்டார் இல்லை என்பது காரைக்குடி பஸ்ஸில் ஏறி இறங்குகிற எல்லாருக்கும் தெரியும். மாலை பஸ்ஸுக்கு நாச்சியார் நிற்கிற இடம் அந்தக் கடைக்கு எதிரே இருந்தது.

அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. கூப்பிடுவதற்கே வழியில்லாமல் இருந்தது. மூத்தவன் என்றால் அவள் மச்சான் என்று கூப்பிடலாம். சின்ன வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டது, வளர்ந்த பிறகு வாயில் வரவில்லை. "இங்க பாருங்க" என்பாள். அவன் "என்ன டீச்சரு" என்பான். இத்தனை வருஷம் இதிலேயே ஓடிவிட்டது.

எழுபத்தேழில் தம்பிக்கு மதுரையில் மின்சார வாரியத்தில் வேலை கிடைத்தது. அன்றைக்கே அம்மா அன்னக்கிளி நாத்தனாரிடம் கல்யாணப் பேச்சை எடுத்தாள். பெரியகருப்பனின் அம்மா அழகி அத்தை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். பேச்சைக் கேட்டதும் அவள் முகம் வாடிவிட்டது.

"நாச்சியா மேல எனக்கு என்ன வருத்தம் இருக்கு? அவ மூத்தவளா இருக்காளே. பொண்ணு மூத்தவளா இருந்தா பையன் ஆயுசுக்கு ஆகாது. எனக்கு இருக்கது ஒத்தப் பிள்ளை."

இதை வெறும் சாக்கு என்று தள்ள முடியாது. அழகி திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். பெரியகருப்பனுக்கு நாலு வயதாகும்போது அவள் புருஷன் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். மாமியார் வீட்டில் எங்கிருந்தோ ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். அழகி அவரைவிட மூத்தவளாம், அதை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்களாம், அதனால்தான் பிள்ளையை வாரிக்கொடுத்தோம் என்று சொல்லி, மகனோடு அவளைப் பிறந்த ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். அவள் உண்மையில் மூத்தவளா என்பது அவளுக்கும் தெரியாது. ஆனால் இருபத்தைந்து வருஷமாக அதை நம்பிக்கொண்டிருந்தாள்.

அன்னக்கிளி விடவில்லை. "யாரு மூத்தவ? உங்க மகன்தான் மூத்தவன். நம்ம ஊர்க் கண்மாய்க் கரை உடைஞ்சப்ப நாச்சியா எனக்கு வயித்துல ஆறு மாசம்."

"கண்மாய் உடைஞ்ச சேதி எங்க ஊருக்கு வந்தப்ப இவன் எனக்கு வயித்துல நாலு மாசம். அப்ப யாரு மூத்தது?"

"வளையக்காரரு வந்து, அழகிக்கு ஆம்பளப் பிள்ளைன்னு சொன்னப்ப நான் வளைகாப்பு வளையலோட உக்காந்திருந்தேன். இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு."

"அது எங்க ஓரகத்தி மகன். வளையக்காரருக்கு எல்லா வீடும் ஒரே வீடு."

ஒருத்தி குழந்தையை இன்னொருத்தி நேரில் பார்த்திருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. ஆனால் அந்த நாளில் அண்ணன் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு கோயில் முதல்மரியாதையில் வந்த பிணக்கு. பேறுகாலத்துக்குக்கூட ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. தூரத்தில் இருந்து காதால் கேட்டதுதான் இரண்டு பேருக்கும் சாட்சி.

இந்தச் சமயத்தில்தான் நாச்சியார் பள்ளியில் விஞ்ஞானக் கண்காட்சிக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் தான் படித்த கல்லூரியின் நூலகத்துக்குப் போய் வெளிநாட்டு விஞ்ஞானப் பத்திரிகைகளைப் புரட்டுவது அவள் வழக்கம். அதில் ஒரு சமாசாரம் அவளைப் பிடித்துக்கொண்டது. பிரபஞ்சம் விரிகிறது, நட்சத்திரக் கூட்டங்களான அண்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன என்பது பழைய செய்தி. எவ்வளவு வேகத்தில் விரிகிறது என்பதில்தான் தகராறு. வானத்தை அளக்கிறவர்களில் ஒரு கூட்டம் அந்த வேகத்துக்கான எண் ஐம்பது என்றது. இன்னொரு கூட்டம் நூறு என்றது. பார்க்கிற வானம் ஒன்றுதான். இரண்டு கூட்டமும் கெட்டிக்காரர்கள், ஆயுளை அதிலேயே கழித்தவர்கள். ஐம்பது என்றால் பிரபஞ்சத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் கோடி வயது. நூறு என்றால் அதில் பாதி.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தாள். வேகத்தை அளப்பதில் பெரிய சிரமம் இல்லை, தூரத்தை அளப்பதில்தான் சிக்கல். பக்கத்து நட்சத்திரத்தின் தூரத்தை ஒரு வழியில் கண்டுபிடிக்கிறார்கள். அதை வைத்து, கூடிக் குறைந்து ஒளிவிடும் ஒருவகை நட்சத்திரத்தின் தூரம். அதை வைத்து அடுத்த அண்டம். அதை வைத்து அதற்கும் அடுத்தது. இப்படி ஒன்றின் தோளில் ஒன்று. கீழே நிற்பவன் கொஞ்சம் சாய்ந்தால் மேலே உள்ளவன் எங்கேயோ போய்விடுவான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு ஒரு வேடிக்கை நடந்திருந்தது. கூடிக் குறைந்து ஒளிவிடும் அந்த நட்சத்திரத்தில் இரண்டு ரகம் உண்டு என்பது தெரியாமல், எல்லாம் ஒரே ரகம் என்று அதுவரை கணக்குப் போட்டிருந்தார்களாம். தெரிந்த அன்றைக்குப் பக்கத்து அண்டங்கள் எல்லாம் இரண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ளிப்போய்விட்டன.

பலூனில் மையால் புள்ளி வைத்து, ஊதினால் புள்ளிகள் விலகுவதைக் காட்ட ஏற்பாடு செய்தாள். பக்கத்தில் ஒரு சார்ட். அதில் இரண்டு எண்ணையும் எழுதி, 'எது சரி என்று இன்னும் தெரியவில்லை' என்று பெரிதாக எழுதினாள். தலைமையாசிரியை சூசைமேரி அம்மா பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாச்சியார், ஒண்ணைப் போடுங்க. வர்றவங்க நம்மளுக்குத்தான் தெரியலைன்னு நினைப்பாங்க."

"நமக்கும் தெரியாதுதானே அம்மா."

சூசைமேரி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடுத்த மேசையில் வைத்திருந்த எலும்புக்கூட்டைப் பார்க்கப் போய்விட்டார். சார்ட் அப்படியே இருந்தது.

கண்காட்சிக்குப் பெரியகருப்பன் தன் தாயாரை அழைத்து வந்தான். அழகி பலூன் மேசையருகே நெடுநேரம் நின்றாள். ஒரு மாணவி ஊத ஊத, புள்ளிகள் விலகுவதைப் பார்த்தாள்.

"இது என்னத்தா எழுதியிருக்கு?" என்று சார்ட்டைக் காட்டிக் கேட்டாள்.

"உலகம் எல்லாம் பொறந்து எம்புட்டு வருசம்னு அளந்திருக்காக அயித்தை. ரெண்டு விதமா வருது. எது சரின்னு இன்னும் தெரியலை."

"தெரியலைன்னு எழுதி மாட்டிருக்கியே, யாரும் வையலையா?"

"வஞ்சாக."

அழகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது, நாச்சியாரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் உன் ஆத்தாகூடச் சண்டை போட்டு மாளாது. அவளை நம்பவும் மாட்டேன். நீ படிச்சவ. விசாரிச்சுக் கணக்குப் பாத்து நீயே சொல்லு. நீ இளையவன்னு சொன்னா, வர்ற தையில நான் பரிசம் போட வாரேன். மறுபேச்சு கிடையாது."

அன்று பஸ்ஸில் நாச்சியார் டிக்கெட் வாங்கவே மறந்து உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வருஷமாக வாய்விட்டுக் கேட்காத ஒன்றை, இந்தா என்று கையில் தூக்கிக் கொடுத்துவிட்டாளே இந்த மனுஷி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீரையாவைப் பார்க்கப் போனாள். வீரையா அந்த ஊர்க் கண்மாயில் நீர்பாய்ச்சி, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று மடையைத் திறந்து மூடுகிறவர். வயதாகிவிட்டது, இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். இருந்தாலும் காலையில் கரையில் ஒரு நடை நடக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கரையிலேயே அவரைப் பிடித்தாள்.

"தாத்தா, நம்ம கண்மாய் உடைஞ்சது எந்த வருசம்?"

வீரையா நின்று திரும்பினார். "எந்த உடைப்பைக் கேக்குறத்தா?"

நாச்சியார் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு தடவை உடைஞ்சுச்சுல்ல. ஒண்ணு அங்குட்டு, மிச்சத் தண்ணி வழியிற கலுங்குப் பக்கம். அதைக் கட்டி மூச்சு விடல, மறு வருசம் ஐப்பசியில இங்குட்டு உடைஞ்சுக்கிருச்சு. என்னத்தா சிரிக்கிற?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரே ரகம் என்று நினைத்து ஊரே கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எந்த உடைப்பு எந்த வருஷம் என்று கேட்டாள். வெள்ளைக்காரன் போவதற்கு முந்தியா பிந்தியா என்பதிலேயே வீரையாவுக்குச் சந்தேகம். தன் மூத்த மகள் வயதை வைத்துச் சொல்லப் பார்த்தார். பிறகு அந்த மகளின் வயது தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டாள். அன்னக்கிளிக்கு ஒரே உடைப்புதான் தெரியும். இன்னொன்று நடந்தபோது பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாளாம். எந்த ஐப்பசியில் போனாள் என்றால், "நல்ல மழை பெஞ்ச ஐப்பசி" என்கிறாள். அழகி அத்தையோ வேறு ஊரில் இருந்து சேதி மட்டும் கேட்டவள். அவளிடம் வந்த சேதி எந்த உடைப்பினுடையது என்று யாரைக் கேட்பது? சேதி கொண்டுபோன வளையல்காரர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது.

நாச்சியார் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். இருவரும் ஒரே உடைப்பைச் சொன்னால், அவள் இரண்டு மாதம் மூத்தவள். அத்தை முந்தின உடைப்பையும் அம்மா பிந்தினதையும் சொன்னால், அவள் கிட்டத்தட்ட ஒரு வருஷம் இளையவள். மாறிக் கிடந்தால் ஒரு வருஷத்துக்கு மேலேயே மூத்தவள். மூன்றில் எது என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. விசாரிக்கப் போய்ச் சந்தேகம் பெருத்துக்கொண்டதுதான் மிச்சம்.

அன்னக்கிளிக்குக் கூட்டல் கழித்தலில் அக்கறை இல்லை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"இளையவளா இருக்கவும் வழி இருக்குல்ல? அதைச் சொல்லிட்டுப் போ. பொய்யில்லையே."

"தெரியாததைத் தெரிஞ்சதாச் சொன்னாப் பொய்தான் ஆத்தா."

"ஊர்ல உலகத்துல எம்புட்டுப் பேரு என்னென்ன சொல்லிக் கல்யாணம் முடிக்கிறாக. நீ வயசு போயி இங்கயே உக்காந்திருக்கதை என்னால பாக்க முடியலடி." அன்னக்கிளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் மாலை நாச்சியார் பஸ்ஸுக்கு நிற்காமல் ரோட்டைக் கடந்து கடைக்குள்ளேயே போய்விட்டாள். வேலைக்காரர்கள் இரண்டு பேர் திடீரென்று டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள். பெரியகருப்பன் கையில் கிரீஸோடு நின்றான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் மூத்தவளா இருக்கவும் கூடும்," என்றாள்.

"இருந்துக்க. ஆனா உன்னைய அக்கான்னு என்னால கூப்பிட முடியாது. அதை மட்டும் இப்பவே சொல்லிப்புட்டேன்."

"விளையாடாதீங்க. அயித்தை வேணாம்னு சொல்லிட்டா என்ன செய்வீக?"

அவன் கந்தைத்துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தான். "ஆத்தாவை அழவச்சுட்டு வரமாட்டேன். உன்னைய விட்டுட்டு வேற ஒருத்தியையும் கட்டமாட்டேன்."

"ரெண்டும் சேந்து வராதே."

"வரலைதான். இம்புட்டு வருசமா வரலையே." பிறகு குனிந்துகொண்டே கேட்டான். "ஆத்தாகிட்ட இளையவன்னு சொல்லப்போறியா?"

"சொல்லட்டுமா?"

அவன் கந்தைத்துணியை மடித்து மோட்டார் மேல் வைத்தான். சொல்லு என்று கெஞ்ச அவனுக்கு ஆசைதான். முகத்திலேயே எழுதியிருந்தது. கேட்காமல் இருந்தானே, அதற்காகவே நாச்சியாருக்கு அவன் மேல் அன்பு பொங்கியது. அதைச் சொல்லத் தெரியாமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

வழி நெடுக அந்த இரண்டு கூட்டத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தாள். ஐம்பதுக்காரர்களும் நூறுக்காரர்களும் ஒருவரை ஒருவர் எவ்வளவு குறை சொன்னாலும், தங்களுக்கு வேண்டிய எண் வரட்டும் என்பதற்காக ஒரு நட்சத்திரத்தையாவது இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்களா? நாளைக்கு யாராவது சரியாக அளந்தால் தோற்றுப்போவோம் என்று தெரிந்துதானே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தோற்றால் பேர் போகும். தனக்கு என்ன போகும் என்று யோசித்தாள். அதை நினைக்கவே பயமாக இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அத்தை வீட்டுக்குப் போனாள். அழகி முற்றத்தில் சாக்கை விரித்து விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாத்தா. கணக்குப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் அயித்தை. வரலை."

"வரலைன்னா?"

நாச்சியார் எதிரே உட்கார்ந்து, இரண்டு உடைப்பையும் சொன்னாள், மூன்று வழியையும் சொன்னாள். "மூணுல ரெண்டுல நான்தான் மூத்தவ. ஒண்ணுல இளையவ. எது நெசம்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியலை."

அழகி கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. ஓடு ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் விழுந்துகொண்டே இருந்தது.

"உன் ஆத்தா என்ன சொல்லச் சொன்னா?"

"இளையவன்னு சொல்லச் சொன்னாக."

"சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே. உன் பேச்சைத்தான் கேப்பேன்னு சொன்னேனே."

"அதனாலதான் சொல்ல முடியலை அயித்தை. நாளைக்கு உங்க மகனுக்கு ஒரு காய்ச்சல் வந்தா நீங்க என்னையத்தான் பாப்பீக. நான் கணக்கு மாத்திச் சொன்னவளா உங்க முன்னால நிக்க முடியாது. அவுகளை எனக்கு அம்புட்டுப் பிடிக்கும். ஆனா முடியாது." டீச்சர் என்கிற மிடுக்கெல்லாம் போய், தலையைக் குனிந்துகொண்டு அழுதாள்.

அழகியின் கை நின்றது. மடியில் இருந்த கடலையைச் சாக்கில் தட்டிவிட்டாள்.

"என்னைய அப்படித்தான் பாத்தாக," என்றாள். "அவருக்குக் காய்ச்சல் கண்ட அன்னையிலருந்து எங்க மாமியா என்னைய அந்த அறைக்குள்ள விடலை. மூத்தவ கைபட்டா ஆகாதுன்னு வாசப்படியில குறுக்க உக்காந்துக்கிட்டா. கஞ்சியை வச்சுக்கிட்டு நான் வெளியவே நின்னேன். ஒரு வாய் என் கையால குடுக்கவிடலை. அழகி எங்க, அழகி எங்கன்னு உள்ள இருந்து கேட்டுக்கிட்டே இருந்தாரு."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மகனிடம்கூடச் சொன்னதில்லை. நாச்சியார் நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மூத்தவதானான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியலைன்னு ஒருத்தராச்சும் சொல்லியிருந்தாப் போதும். ஒருத்தரும் சொல்லலை." அழகி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாச்சியாரின் கன்னத்தைத் தன் கடலைத்தூசிக் கையாலேயே துடைத்துவிட்டாள். "தையில பரிசம் போட வாரேன். அவனுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தா நீதான் கஞ்சி குடுக்கணும். நான் வாசப்படியில உக்கார மாட்டேன்."

"சரி அயித்தை," என்றாள் நாச்சியார்.